விமானம் விலைக்கு வரும். வித்தை விலைக்கு வருமா?

யானையை வாங்குவதற்குப் பொருள் இருந்தால் போதும். அதை நடத்துவதற்குப் பாகனுடைய வித்தை வேண்டும். பொருளுடையவன் பாகனைக் கூலிக்கு அமர்த்திவிட்டுத் தான் அம்பாரியில் வீற்றிருப்பதே பண்டை வழக்கம். ‘நானே பாகனாகவும் இருப்பேன்’ என்று ஒரு செல்வன் அங்குசத்தைக் கையில் எடுப்பானாயின், அவ்வித்தையை அவன் முறையாகக் கற்றானா இல்லையா என்பது அவனுடைய சொந்த விஷயமாகாது. யானை நடக்கும் வீதியில் குடியிருப்போர் அனைவருக்கும் அது பொது விஷயமாகும்.

இந்நாளில் செல்வர் வாங்கும் யானைகளுள் ஒன்று ‘மிக இலேசான ஜெட் விமானம்’ எனப்படுவது. புறப்படும்போது மொத்த எடை 10,000 ராத்தலுக்கு உட்பட்டதாய், நாலைந்து பேர் அமரத்தக்கதாய், ஒரே விமானி தனியாக ஓட்டுவதற்கு அரசாங்க அனுமதி பெற்றதாய் உள்ள ஜெட் விமானத்திற்கே இப்பெயர் வழங்குகிறது. இதைக் கட்டிய கம்பெனிகள், சம்பளத்திற்கு விமானி வைத்துக்கொள்ளும் முதலாளிகளை மட்டும் கருதவில்லை. ‘வாங்குகிறவரே ஓட்டலாம்’ என்று சொல்லியும் விற்றன. அச்சொல் எவ்வளவு தூரம் மெய், எவ்வளவு தூரம் விற்பனைப் பேச்சு என்பதைச் சரித்திர வழியில் ஆராய்வதே நம் நோக்கம்.

தோட்டத்திலும் பட்டணத்திலும் உழைத்து வாழும் நமக்குக் கோடீசுவரர் ஏறும் விமானத்தைப் பற்றிய ஆராய்ச்சி எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. விடையைச் சரித்திரமே சொல்லட்டும்.

போர்க்களத்திலிருந்து வியாபாரத்திற்கு

ஜெட் விமானம் போருக்கென்று வளர்ந்தது. 1939-ஆம் ஆண்டு ஆகஸ்டு 27-ஆம் நாள் ஜெர்மனியில் முதல் ஜெட் விமானம் பறந்தது. ஐந்தாண்டுகளுக்குள் ஜெர்மானியரும் ஆங்கிலேயரும் அதைப் போரில் இறக்கிவிட்டனர். போர் முடிந்தபின் அது பிரயாணக் கம்பெனிகளின் கைக்கு வந்தது. தனி மனிதர் கைக்கு வருவதற்கு மேலும் சில ஆண்டுகள் சென்றன.

பிரெஞ்சு நாட்டு மொரான்-சோல்னியே கம்பெனியார் கட்டிய ‘பாரிஸ்’ என்னும் நான்கு ஆசன ஜெட் விமானம் 1954-ஆம் ஆண்டு ஜூலை 29-இல் முதன்முதல் பறந்தது. மறுவருஷம் அமெரிக்காவுக்குக் கொண்டுபோய்ச் செல்வர்களுக்குக் காட்டினார்கள். பார்த்தவர் பலர், வாங்கியவர் மிகச் சிலர். எனினும், ‘சொந்த ஜெட்’ என்னும் ஆசைக்கு அதுவே வித்து.

அவ்வித்தை மரமாக்கியவர் அமெரிக்கரான வில்லியம் லியர். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். ரேடியோவிலும், விமானத்தைத் தானே நேரே செலுத்தும் கருவியிலும் தம் முயற்சியால் பெயர் பெற்றவர். சுவிட்ஸர்லாந்து அரசாங்கம் வேண்டாமென்று கைவிட்ட ஒரு போர் விமானத்தின் இறக்கை அமைப்பைத் தழுவி, கன்ஸஸ் மாகாணத்து விச்சிட்டா நகரில் அவர் கட்டிய ‘லியர்ஜெட் 23’, 1963-ஆம் ஆண்டு அக்டோபர் 7-இல் பறந்தது. சிறியது, அழகியது, வேகத்தில் பெரிய பிரயாண விமானங்களுக்கு இளைக்காதது.

அடுத்த வருஷம் ஜூன் 4-ஆம் நாள் நடந்ததைக் கவனிக்க வேண்டும். அரசாங்கப் பரிசோதகர் அவ்விமானத்தைச் சோதித்துக்கொண்டிருந்தார். ஒரு யந்திரம் நின்றுவிட்டாற்போலப் பாவித்துப் புறப்படுவது சோதனை. இறக்கையின் மேற்புறத்தில் எழுந்து நின்று தூக்கும் சக்தியைக் கெடுக்கும் தடுப்புப் பலகைகள் சில உண்டு. அவை தரையில் இறங்கிய பின் பயன்படுவன. அப்பலகைகளை மடக்காமலே விமானம் புறப்பட்டது; மேலெழ மாட்டாமல் வயலில் இறங்கி எரிந்துபோயிற்று. நல்லவேளையாக உயிர்ச்சேதம் இல்லை. விமானத்தின் அமைப்பில் பிழையில்லை என்று தெளிந்ததால், ஜூலை 31-இல் அரசாங்க அனுமதியும் கிடைத்துவிட்டது. பிழை, மடக்க மறந்த பலகையில் இருந்தது. தேர்ந்த பரிசோதகருக்கே இந்த மறதி நேர்ந்ததெனில், புதிதாகக் கற்பவர் நிலை யாது? இக்கேள்வியை வாசகர் மனத்தில் வைத்திருக்க வேண்டுகிறோம். பின்னால் நம் நாட்டிலேயே இதற்கு வேலை வரும்.

ஜெட் விமானம் வேறு குணமுடையது

சுழல்விசிறியுடைய சிறு விமானத்தை ஓட்டத் தெரிந்தவருக்கு ஜெட் விமானமும் எளிதாக வந்துவிடும் என்று எண்ணுவது இயல்பு. ஆனால் இரண்டும் குணத்தில் வேறு. விசிறி விமானத்தில் விசைப்பிடியை முன் தள்ளினால், விசிறிக் காற்று இறக்கையின் மேல் உடனே பாய்ந்து விமானத்தைத் தாங்குகிறது. ஜெட் யந்திரத்திலோ, உள்ளிருக்கும் சுழலிகள் வேகம் எடுக்கச் சில விநாடி ஆகும். இறக்கைக்கு மேல் புதுக்காற்றும் உடனே வராது. ஆகவே, வேகம் குறைந்த பின் விழித்துக்கொள்பவருக்கு அது மன்னிப்பு வழங்காது.

இறங்கும்போது வேறொரு தொல்லை. ஜெட் விமானத்தின் உடல் வழவழப்பானது. காற்றில் வழுக்கிச் செல்வது. விசிறி விமானத்தில் விசிறியே தடையாக நின்று வேகத்தைக் குறைக்கும். இதில் அது இல்லை. நிமிஷத்திற்கு ஐந்தாறு மைல் வீதம் செல்லும் விமானத்தை எங்கே மெதுவாக்கத் தொடங்குவது, எங்கே தாழ்வது என்று முன்கூட்டியே கணக்கிட வேண்டும். நிலைய வாயிலில் நின்று யோசிப்பவன் ரயிலைத் தவறவிட்டவனாவான்; இங்கே தவறுவது ரயில் அன்று.

உயரமும் ஒரு பாடம். இச்சிறு ஜெட்டுகளிற் சில 41,000 அடி உயரம் வரை செல்லும் அனுமதியுடையவை. அங்கே விமானத்துக்குள் அடைத்துவைத்த காற்று வெளியேறிவிட்டால், பிராணவாயு முகமூடி அணியாத மனிதனுக்குப் புத்தி தெளிவாக இருப்பது பதினைந்து இருபது விநாடிகளே. 1999-ஆம் ஆண்டு அக்டோபர் 25-இல், பேன் ஸ்டுவர்ட் என்னும் கால்ப் ஆட்டக்காரர் சென்ற லியர்ஜெட் விமானத்தில் இப்படிக் காற்றழுத்தம் போயிற்று. ஓர்லாண்டோவிலிருந்து டல்லஸுக்குப் புறப்பட்ட அது, ஓட்டுவாரின்றித் தானே பறந்து, எரிபொருள் தீர்ந்தபின் தெற்கு டகோட்டாவில் விழுந்தது. அதிலிருந்த ஆறு பேரும் மாண்டனர். இரண்டு விமானிகள் இருந்தும் இது நேர்ந்தது. முகமூடியை முதலில் எடு. பிறகு யோசி என்பதே இவ்விஷயத்தில் கற்பிக்கப்படும் பாடம். அது அறிவில் பதிந்தால் போதாது. கையில் பதிய வேண்டும்.

கையில் பதியவைக்கும் கலை

கையில் பதியவைக்கும் இக்கலை ஜெட் விமானத்தோடு பிறந்ததன்று. அதற்குச் சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும். நியூயார்க் மாகாணத்துப் பிங்காம்டன் நகரில் எட்வின் லிங்க் என்பவர், தம் தந்தையாரின் இசைக்கருவித் தொழிற்சாலையிலே வேலை செய்தவர். ஆர்கன் வாத்தியத்துக்குக் காற்றூதும் துருத்தியைக் கொண்டே, தரையில் நின்றபடி சாய்ந்து திரும்பும் ஒரு பொய் விமானத்தை 1929-இல் செய்தார். முதலில் அதை வாங்கியவர்கள் கேளிக்கைப் பூங்காக்காரர்களே. 1934-இல் அமெரிக்கச் சேனை விமானிகள் தபால் சுமக்கத் தொடங்கி, மேகத்திலும் பனியிலும் வழியறியாது பல பேர் மாண்ட பிறகே, சேனையார் அப்பொய் விமானங்களில் ஆறு வாங்கினர். விளையாட்டுப் பொருள் பள்ளிக்கூடமாயிற்று. இன்றும் ஜெட் ஓட்டக் கற்பவர், யந்திரம் தீப்பிடிப்பதையும் காற்றழுத்தம் போவதையும் முதலில் அறைக்குள்ளிருக்கும் பொய் விமானத்திலேயே சந்திக்கிறார். அங்கே விழுந்தவன் எழுந்து மறுபடியும் கற்கலாம்.

மற்றொரு பாடம் 1935-ஆம் ஆண்டு அக்டோபர் 30-இல் வந்தது. ஓஹையோ மாகாணத்து ரைட் பீல்டு மைதானத்தில், போயிங் கம்பெனியின் பெரிய புது வெடிகுண்டு விமானம் ஒன்று எழுந்தவுடன் விழுந்தது. தரையில் நிற்கும்போது வால்பகுதி காற்றில் ஆடாதபடி பூட்டும் பூட்டை யாரும் திறக்கவில்லை. ஓட்டியவர்கள் தேர்ந்த விமானிகள். அவர்களில் இருவர் இறந்தனர். அதன் பிறகு விமானிகள் ஓர் ஏற்பாடு செய்தனர். செய்யவேண்டிய காரியங்களைக் காகிதத்தில் வரிசையாக எழுதி, ஒவ்வொன்றையும் படித்துச் சரிபார்த்த பின்னரே புறப்படுவது என்பதே அது. ஞாபகசக்தியில் தேர்ந்தவனும் இப்பட்டியலைப் படிக்கவேண்டும். கற்றவன் தன் கல்வியையே சந்தேகிக்கும் பணிவு இது. ‘தலைவிதி’ என்று சொல்லிக் கைகழுவாமல், ஒவ்வொரு சாவுக்கும் காரணம் தேடி, அக்காரணத்துக்கு ஒரு வரி எழுதிச் சேர்த்ததால் வளர்ந்ததே விமானக் கல்வி.

ஒருவரே ஓட்டலாம்

லியர்ஜெட் அதிவேகக் குதிரை. அதன் முதல் சில ஆண்டுகளில் விபத்துக்கள் பல. அதே விச்சிட்டா நகரத்துச் செஸ்னா கம்பெனியார் வேறு வழியில் சிந்தித்தனர். நேரான இறக்கையும் மெதுவான இறங்கு வேகமும் உடைய ‘சைட்டேஷன்’ விமானத்தை 1969-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-இல் பறக்கவிட்டனர். போட்டிக்காரர்கள் அதை ஆமை என்னும் பொருளில் கேலி செய்தனர். ஆனால் செஸ்னா கம்பெனியார் ஓர் உண்மையை உணர்ந்திருந்தனர். விமானத்தை விற்பதோடு ஓட்டுகிறவனையும் உண்டாக்கவேண்டும் என்பதே அது. ஆகவே விமானத்தின் விலையிலேயே பயிற்சியையும் சேர்த்துக் கொடுத்தனர். ஆமை வென்றது, அக்குலத்து விமானங்கள் உலகெங்கும் ஆயிரக்கணக்கில் பரவின.

1977-இல் அதன் ஒரு வகைக்கு, இரண்டாம் விமானியின்றி ஒருவரே ஓட்டலாம் என்ற அனுமதி கிடைத்தது. சொந்தக்காரனே பாகனாகும் காலம் அப்போதுதான் உண்மையில் தொடங்கியது.

இரண்டே ஆண்டுகளில் அதன் முதல் பெருந்துயரமும் வந்தது. தர்மன் மன்சன் என்பவர் நியூயார்க் யாங்கீஸ் என்னும் பேஸ்பால் குழுவின் தலைவர். அமெரிக்க மக்கள் கொண்டாடிய ஆட்டக்காரர். ஓஹையோவிலிருந்த தம் மனைவி மக்களை ஓய்வு நாட்களில் சென்று காணவேண்டும் என்பதற்காகவே விமானம் ஓட்டக் கற்றார். சிறு விமானத்திலிருந்து விரைவாகப் படியேறி, 1979-ஆம் ஆண்டு ஜூலையில் சைட்டேஷன் ஜெட் ஒன்றை வாங்கினார். ஆகஸ்டு 2-ஆம் நாள், ஆக்ரன்-கான்டன் விமான நிலையத்தில் இறங்கியும் ஏறியும் பழகிக்கொண்டிருந்தபோது, விமானம் ஓடுபாதைக்கு முன்னாலேயே விழுந்து எரிந்தது. கூட இருந்த இருவர் தப்பினர்; மன்சன் மாண்டார். வயது 32. இறங்கும்போது வேகம் மிகக் குறைந்துபோனதை உணர்ந்து தக்க சமயத்தில் சரிசெய்யவில்லை என்பதே விசாரணைக் குழுவின் முடிவு. குடும்பத்தின்மேல் வைத்த அன்பும், உடல் வலிமையும், பணமும் அவரிடம் இருந்தன. காலம் ஒன்றே இல்லை. ஜெட்டின் குணம் உடம்பில் ஊறுவதற்கு ஒரு மாதம் போதாது.

ஏவுகணை யந்திரமும் எக்லிப்ஸ் கனவும்

சிறு ஜெட் இன்னும் சிறிதாவதற்கு யந்திரம் சிறிதாக வேண்டும். இது எளிதன்று. சுழலியின் தகடுகளுக்கும் அதைச் சூழ்ந்த கூட்டுக்கும் இடையே மயிரிழை இடைவெளி இருந்தே தீரும். பெரிய யந்திரத்தில் அவ்வழியே கசியும் காற்று அற்பம். சிறியதில் அதே இடைவெளி பெரு நஷ்டம். இச்சிக்கலோடு வாழ்நாள் முழுதும் போராடியவர் மிச்சிகன் மாகாணத்துச் சாம் வில்லியம்ஸ். அவருடைய சிறு யந்திரங்கள் முதலில் பெயர் பெற்றது தாழப்பறந்து குண்டு சுமக்கும் ஏவுகணைகளில். ஊரை அழிக்கப் பிறந்த யந்திரத்தின் வழிவந்தவை, 1990-ஆம் ஆண்டுகளில் மனிதரைச் சுமக்கும் சிறு விமானங்களுக்கு வந்தன.

இவ்வழியில் எழுந்ததே எக்லிப்ஸ் கம்பெனி. கம்ப்யூட்டர்த் தொழிலில் பழுத்த வெர்ன் ரேபர்ன் என்பவர் 1998-இல் அதைத் தொடங்கினார். மற்ற ஜெட்டுகள் பல லட்சம் டாலர்களுக்கு விற்க, 8 லட்சம் டாலருக்கும் குறைவாக ஒரு ஜெட் தருவதாக 2000-இல் அறிவித்தார். சிற்றூர்களுக்கிடையே வாடகைக் கார் ஓடுவதுபோல ஜெட் ஓடும் என்று பத்திரிகைகள் புகழ்ந்தன. 2002-ஆம் ஆண்டு ஆகஸ்டில் முதல் விமானம் பறந்தது. ஆனால் 100 ராத்தலுக்கும் குறைந்த எடையில் 700 ராத்தலுக்கு மேல் தள்ளுவிசை தருமென்று நம்பிய வில்லியம்ஸ் யந்திரம் போதவில்லை. அதைத் தள்ளிவிட்டு, கனடா நாட்டு யந்திரத்துக்கு ஏற்ப விமானத்தையே மாற்றவேண்டி வந்தது. 2006-ஆம் ஆண்டு செப்டம்பரில் முழு அனுமதி கிடைத்தது. அதே மாதத்தில் செஸ்னாவின் ‘மஸ்டாங்’ விமானமும் அனுமதி பெற்றது.

2008-இல் எக்லிப்ஸின் விலை 20 லட்சம் டாலரைத் தாண்டிவிட்டது. அவ்விமானங்களை நம்பிப் புளோரிடாவில் தொடங்கிய டேஜெட் என்னும் வாடகை விமானக் கம்பெனி அவ்வருஷம் செப்டம்பரில் மூடியது. நவம்பரில் எக்லிப்ஸே திவாலாயிற்று. கட்டி முடித்தவை ஏறத்தாழ 260. மலிவு விலை என்னும் வாக்குறுதி அவ்வளவோடு நின்றது.

அவ்விமானத்தின் சரித்திரத்தில் மறக்கத்தகாத நாள் ஒன்றுண்டு. 2008-ஆம் ஆண்டு ஜூன் 5-இல் சிகாகோ மிட்வே நிலையத்தில் ஓர் எக்லிப்ஸ் இறங்கிக்கொண்டிருந்தது. காற்று வேகம் மாறியதால் விமானி விசைப்பிடிகளை முழுதும் முன் தள்ளினார். பிறகு பின்னிழுத்தார், யந்திரங்கள் கேட்கவில்லை. இரண்டும் முழுவேகத்திலேயே சிக்கிக்கொண்டன. இப்படியொரு கோளாறுக்குக் கைப்புத்தகத்தில் வழி எழுதியிருக்கவில்லை. மேலேறிச் சென்ற விமானிகள் ஒரு யந்திரத்தை நிறுத்தினர். மற்றொன்று குறைந்த வேகத்துக்கு இறங்கி அங்கேயே நின்றுவிட்டது. அந்நிலையிலும் விமானத்தைத் தரைக்குக் கொண்டுவந்து சேர்த்தனர். சக்கரங்கள் வெடித்தன, எவருக்கும் காயமில்லை. பட்டியல் மறதியைத் தடுக்கும். பட்டியலில் இல்லாதது வரும்போது காப்பது, யந்திரம் எப்படி வேலை செய்கிறது என்று அறிந்த மூளையே. கற்பவனுக்கு இரண்டும் வேண்டும்.

படிகள் பல

இவ்வித்தையைக் கற்கும் படிகளை இங்கே சுருக்கிச் சொல்வோம். அமெரிக்காவில் தனியார் விமானி லைசென்சுக்கு விதிப்படி குறைந்தது 40 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். பெரும்பாலோருக்கு அதைவிட அதிகமாகிறது. அடுத்து, வெளியே ஒன்றும் தெரியாதபோது கருவிகளை மட்டும் நம்பி ஓட்டும் தகுதி. மேகத்துக்குள் நம் காதும் உடம்பும் பொய் சொல்லும். சாய்ந்திருக்கையில் நேராக இருப்பதாகத் தோன்றும். தன் உணர்வை நம்பாமல் கருவியை நம்பப் பழகுவதே அக்கல்வி. பிறகு இரண்டு யந்திர விமானத்துக்குரிய தகுதி. இவ்வளவும் முடிந்த பின்னும் ஜெட் எதையும் ஓட்டிவிட முடியாது. ஒவ்வொரு ஜெட் வகைக்கும் தனித்தனியே பரீட்சை உண்டு. அப்பரீட்சையில் பிரயாணக் கம்பெனி விமானிக்குரிய அளவுகோலே சொந்தக்காரருக்கும். செல்வருக்கென்று மதிப்பெண் குறைப்பதில்லை.

பரீட்சையில் தேறியவரையும் காப்புறுதிக் கம்பெனிகள் தனியே விடுவதில்லை. அனுபவமுள்ள விமானி ஒருவர் சில காலம் பக்கத்தில் அமர்ந்து வரவேண்டுமென்று நிபந்தனை விதிப்பது வழக்கம். மேலும், கற்றது மறக்கும் என்பதை அரசாங்கமும் ஒப்புக்கொண்டது. முன்னர் இரண்டு விமானிகள் ஓட்டும் விமானங்களுக்கு மட்டும் இருந்த மறு பரீட்சை விதியை, 2011-இல் வெளியான சட்டத்தால் ஒருவரே ஓட்டும் ஜெட்டுக்கும் விரித்தது. சிறு விமானம் என்பதால் சிறு கல்வி போதும் என்ற எண்ணத்துக்கு அது ஒரு மறுப்பு. உண்மையில், தனியாக ஓட்டுகிறவர் வேலை அதிகம். பெரிய விமானத்தில் ஒருவர் ஓட்ட, மற்றொருவர் ரேடியோவில் பேசிப் பட்டியலைப் படிப்பார். இங்கே பாகனும் அவரே, துணைப்பாகனும் அவரே; தம் பிழையைத் திருத்துபவரும் அவரே.

கூரையின் கீழ் இருப்பவர்

இப்போது தொடக்கத்தில் எழுந்த கேள்விக்கு வருவோம்.

2014-ஆம் ஆண்டு டிசம்பர் 8-இல், எம்பிரேயர் கம்பெனியின் ‘பீனம் 100’ என்னும் சிறு ஜெட்டைச் சொந்தமாக ஓட்டிக்கொண்டு ஒருவர் அமெரிக்காவின் மேரிலாந்து மாகாணத்துக் கெய்தர்ஸ்பர்க் நகரத்தை நெருங்கினார். குளிர்காலம், மேகத்தினுள் இறக்கையின்மேல் பனிக்கட்டி படிந்தது. பனி படிந்த இறக்கைக்குத் தாங்கும் சக்தி குறைவு. ஆகவே மிக்க வேகத்தோடு இறங்கவேண்டும். பனியை உடைக்கும் ஏற்பாடும் விமானத்தில் இருந்தது. அதை இயக்கும் விசையைத் தட்டினால் பனி உடைவதோடு, வேகம் குறைவதற்கான எச்சரிக்கையும் முன்கூட்டியே ஒலிக்கும். விசை தட்டப்படவில்லை. பனியில்லாத விமானத்துக்குரிய வேகத்திலேயே அவர் இறங்கினார். விமானம் ஓடுபாதைக்கு முக்கால் மைல் தூரத்தில் வீடுகளின்மேல் விழுந்தது. விமானத்திலிருந்த மூவர் இறந்தனர். ஒரு வீட்டில் ஒரு தாயும், அவளுடைய மூன்று வயதுக் குழந்தையும், பிறந்து ஒரு மாதமே ஆன சிசுவும் தீயில் மாண்டனர்.

அவ்விமானியிடம் லைசென்சு இருந்தது, அனுபவமும் இருந்தது. அந்தத் தாயிடமோ விமானம் இல்லை; விமானத்தைப் பற்றிய ஆசையும் இல்லை. தன் வீட்டில், தன் குழந்தைகளோடு அவள் இருந்தாள். அந்த ஜெட்டைப் பற்றிய கல்வி யாருடைய சொந்த விஷயம் என்று இப்போது கேட்கிறோம்.

தூரதேசத்துக் கதையென்று இதைத் தள்ளவும் நமக்கு வழியில்லை. 2023-ஆம் ஆண்டு ஆகஸ்டு 17-ஆம் நாள், லங்காவியிலிருந்து சுபாங்குக்கு வந்த ‘பீச்கிராப்ட் பிரிமியர்’ ஜெட் ஒன்று, ஒரு காலத்தில் தோட்டமாயிருந்த சிலாங்கூர் எல்மினாவில் சாலையின்மேல் விழுந்தது. மேற்சொன்ன எடைக்கணக்குக்குச் சற்று மேற்பட்டதாயினும், இதுவும் ஒருவரே ஓட்டுவதற்கு அனுமதி பெற்ற வகையே. அன்று விமானிகள் இருவர் இருந்தனர், பிரயாணிகள் அறுவர். எண்மரும் மாண்டனர். அவர்களோடு, அவ்வழியே மோட்டார் காரில் சென்ற ஒருவரும் மோட்டார் சைக்கிளில் சென்ற ஒருவரும் மாண்டனர். மறுவருஷம் மலேசிய அரசாங்கத்து விசாரணைக் குழு வெளியிட்ட அறிக்கை காரணத்தைச் சொல்லிற்று. இறங்குவதற்கு முன்னான சரிபார்ப்பின்போது, தரையில் மட்டும் எழவேண்டிய தடுப்புப் பலகைகள் தவறுதலாக ஆகாயத்திலேயே எழுப்பப்பட்டன என்பதே அது.

1964-இல் விச்சிட்டா வயலில் மடக்காமல் விட்டதும் பலகையே. 2023-இல் எல்மினாவில் காலமல்லாக் காலத்தில் எழுந்ததும் பலகையே. இடையில் ஐம்பத்தொன்பது ஆண்டுகள். யந்திரம் எவ்வளவோ திருந்தியது. மனிதன் கை அதே கையாகவே இருக்கிறது.

யந்திரமே ஆசானாகுமா?

கையை நம்ப முடியாதென்றால் கையையே விலக்கிவிடலாமே என்று இக்காலத்துக் கம்பெனிகள் எண்ணத் தலைப்பட்டன. சிரஸ் கம்பெனியாரின் ‘விஷன்’ என்னும் ஒற்றை யந்திர ஜெட் 2016-இல் அனுமதி பெற்றது. அதில் விமானம் முழுவதையும் தாங்கி இறக்கும் பாராசூட் உண்டு. 2020-இல் இன்னொரு வசதியும் சேர்ந்தது. விமானி மயங்கிவிட்டால், பிரயாணி ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். விமானம் தானே தக்க நிலையத்தைத் தேர்ந்து, ரேடியோவில் அறிவித்து, இறங்கி நிற்கும். பெரும் சாதனைதான், போற்றுகிறோம். மூர்ச்சித்த விமானியின் பக்கத்தில் அமர்ந்திருக்கும் மனைவி மக்களுக்கு இதைவிடப் பெரிய துணை இல்லை.

எனினும், இவ்வசதிகள் கல்விக்கு ஈடல்ல. கல்வி தோற்ற இடத்தில் தாங்கும் வலையே. புது வசதி ஒவ்வொன்றும் புதுப் பாடம் ஒன்றையும் கொண்டுவருகிறது: எப்போது அதை நம்புவது, எப்போது அதை நிறுத்திவிட்டுத் தானே கையில் எடுப்பது? 2019-இல் இதே ‘விஷன்’ ஜெட்டில், விமானம் காற்றை எதிர்கொள்ளும் கோணத்தை அளக்கும் ஒரு சிறு கருவி பொய்க்கணக்குச் சொன்னதால், அதைச் சரிசெய்யும் வரை அவ்விமானங்கள் பறக்கக்கூடாதென்று அமெரிக்க அரசாங்கம் தடுத்தது. காக்க வைத்த கருவியைக் காப்பதற்கும் அறிவுள்ள மனிதன் வேண்டும்.

செல்வர் பறக்கட்டும், நமக்குப் பொறாமையில்லை. நம் பிள்ளைகளில் ஒருவன் நாளை அவ்வாசனத்தில் அமர்வானாயின் பூரிப்போம். அவன் தோட்டத்து லயத்தில் பிறந்தவனா, மாளிகையில் பிறந்தவனா என்று காற்று கேட்காது. பட்டியலைப் படித்தானா என்றே கேட்கும். விமானத்தின் விலையைக் குறைக்க எண்ணியவர்கள் அரைகுறையாக வென்றார்கள். வித்தையின் விலையைக் குறைக்க எண்ணியவர் எவரும் வெல்லவில்லை. அவ்விலை டாலரில் செலுத்துவதன்று. காலத்தாலும் பணிவாலும் செலுத்துவது. அதைச் செலுத்தாதவன் கடனை, அவன் பெயரையும் அறியாத ஒரு தாயும் ஒரு மோட்டார் சைக்கிள்காரரும் தீர்க்க நேர்கிறது. ஆகவே, இக்கல்வியைக் கட்டாயமாக்கும் சட்டமும், ஆண்டுதோறும் அதைச் சோதிக்கும் பரீட்சையும், விபத்தின் காரணத்தை ஒளிக்காமல் வெளியிடும் விசாரணையும் நம் நாட்டில் உறுதியாக நிற்கவேண்டும் என்று கேட்கும் உரிமை, விமானம் ஏறுவோரைவிடத் தரையில் நடக்கும் நமக்கே அதிகம்.